அறுபத்து நாலு டிகிரி

அமெரிக்காவின் டுலூத் நகரத்து மேட்டுத் தெரு ஒன்றில் ஆர்லன் க்வாம் என்றால் தனி மரியாதை. அக்டோபர் பிறந்து ஏரிக்காற்று எலும்பைத் தேட ஆரம்பித்ததும், அந்தத் தெரு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஹீட்டர் போட்டாச்சா?" போட்டாச்சு என்று முதலில் வாய் திறப்பவன் அந்த வருஷத்து இளிச்சவாயன். கடைசி வரை தாக்குப்பிடிப்பவனுக்கு ஒரு மண்வெட்டி கிடைக்கும். பனி வாருகிற பழைய மண்வெட்டிதான், பொன்வண்ணம் அடித்தது. தூண்டில் புழு விற்கும் கடையில், நவம்பர் மாதக் காபிக் கூட்டத்தில் கைதட்டிக் கொடுப்பார்கள். எட்டு வருஷமாக அது ஆர்லன் வீட்டுக் கூடத்தை விட்டு நகரவில்லை. அதற்கு இடம் கொடுக்கக் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது.

வெற்றிக்குக் காரணம் கேட்டால் ஆர்லன் கூரையைக் காட்டுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வேனிற்காலம் முழுக்கப் பரணில் தவழ்ந்து, சூடு வெளியே போகாமல் காக்கும் பஞ்சைத் தன் கையாலேயே அடைத்தார். அதற்கு முன்னால் அவரும் மண்வெட்டி வாங்காத மனிதர்தான். பஞ்சு அடைத்த பிறகு வீடே மாறிவிட்டது. "அறுபத்து நாலு டிகிரி, ஆனா எழுபது மாதிரி இருக்கு பாரு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டுச் சூட்டை அளந்து ஹீட்டரை ஓட்டவும் நிறுத்தவும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் முள்ளும் எழுபது ஃபாரன்ஹீட் என்றே காட்டும். அது கிழடு, பொய் சொல்கிறது என்பது அவர் கட்சி.

அந்தத் தெர்மோஸ்டாட்டைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்த வட்டமான பொருள்தான் வீட்டில் சண்டைக்களம். மனைவி மார்டெல் எழுபதுக்குத் திருகுவாள், இவர் அறுபத்து நாலுக்கு இறக்குவார். பதினோரு வருஷத்துக்கு முன்பு மார்டெல் தன் அக்காவைப் பார்க்க ஃபார்கோ போன வாரக்கடைசியில், ஆர்லன் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி வந்தார். அதை நிலவறையில், தன் பட்டறை மூலையில், காலண்டருக்குப் பின்னால் மாட்டினார். அங்கிருக்கும் ஹீட்டரிலிருந்து மேலே போகும் கம்பிகளைக் கழற்றி விட்டுப் புதியதன் கம்பிகளைக் கோத்தார். நிலவறை எப்போதும் கொஞ்சம் குளிர் என்பதால் உத்தரத்தில் பென்சிலால் கணக்கும் எழுதி வைத்தார்: கீழே அறுபது என்றால் மேலே அறுபத்து நாலு. அன்றிலிருந்து மேலே கூடத்துச் சுவரில் இருப்பது வெறும் பொம்மை.

அதன் பிறகு அவரைப் போலப் பெருந்தன்மையான கணவன் அந்த ஊரில் கிடையாது. "உனக்கு எவ்வளவு வேணுமோ வெச்சுக்கோ" என்பார். மார்டெல் திருகுவாள். இவர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரிப்பார். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் மனசாட்சி லேசாகக் கிள்ளும், முதல் பாட்டு முடிவதற்குள் சரியாகிவிடும்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. காலை உணவுத் தட்டுக்குப் பக்கத்தில் மார்டெல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தாள்.

"என்ன இது?"

"தெர்மோஸ்டாட். பழசுல முள்ளு ஒட்டிக்குது. இன்னைக்குப் புதுசு மாட்டிடலாம்னு."

ஆர்லனுக்குக் காபி புரை ஏறியது. "யாரு, நீயா?"

"இருபத்தாறு வருஷம் டெலிபோன் கம்பத்துல ஏறிக் கம்பி இணைச்சவ நான். இந்த நாலைஞ்சு கம்பிக்கு ஆள் வேணுமா?"

அதைத்தான் அவர் மறந்து தொலைத்திருந்தார். இவள் கழற்றினால் மீட்டர் வைத்துப் பார்ப்பாள். மீட்டர் வைத்தால் கம்பியில் உயிரில்லை என்று தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவாள், காலண்டரைத் தூக்குவாள். பதினோரு வருஷப் பெருந்தன்மை ஐந்து நிமிஷத்தில் நாறிவிடும். அவர் வாயிலிருந்து, முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட வராத ஒரு வாக்கியம் வந்தது.

"ஒரு ஆளைக் கூப்பிட்டா என்ன?"

மார்டெல் கரண்டியைக் கீழே வைத்தாள். கழிப்பறை ஒழுகியபோது மூன்று வாரம் வாளி வைத்துச் சமாளித்த மனிதர் இவர். ஆடிய பல்லைக் குறடு வைத்துத் தானே பிடுங்கிக்கொண்டவர்.

"உடம்பு ஏதும் சரியில்லையா ஆர்லன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சரி விடு, நானே மாட்டறேன்."

சொன்ன பிறகுதான் அதன் அழகு அவருக்கே புரிந்தது. புதியதில் பேட்டரி இருக்கிறது. செத்த கம்பியில் மாட்டினாலும் திரை ஜொலிக்கும், எண் மாறும். பொம்மைக்குப் பதில் இன்னும் நல்ல பொம்மை. அவர் எழுந்து திருப்புளியைத் தேடிய வேகத்தைப் பார்த்தால் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது.

"நீ மாட்டு. நான் டார்ச் பிடிக்கிறேன்" என்றாள் மார்டெல். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

முக்காலியில் ஏறி நின்று பழைய மூடியைக் கழற்றினார். உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று கம்பிகள் அதனதன் திருகுக்கு அடியில் ஒழுங்காக இருந்தன.

"முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ. எது எங்கே இருந்துச்சுன்னு தெரியணும்ல."

"எனக்குத் தெரியும்."

"ஒவ்வொண்ணுலயும் எழுத்து எழுதி டேப் சுத்தி வை."

"தெரியும்மா."

"பிரேக்கரை அணைச்சியா?"

"எதுக்கு?"

"கம்பியில கரண்ட் இருக்குமே."

"மார்டெல், நாப்பது வருஷமா இந்த வேலையெல்லாம் பாக்கறவன் நான். எதுல கரண்ட் இருக்கும், எதுல இருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது. அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது முக்காலி மேல் நிற்பவருக்குத் தெரியவில்லை. சிவப்புக் கம்பியின் திருகைத் தளர்த்தி இழுத்தார். அது துள்ளி விடுபட்டு, பக்கத்தில் நீலத்தின் முனையில் போய் முட்டியது.

பட்டென்று ஒரு பொறி பறந்தது.

காலுக்கடியில், தரைக்குக் கீழே எங்கோ, ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. ஆர்லன் முக்காலியிலிருந்து ஒரே தாவாகக் குதித்துச் சோபாவில் போய் விழுந்தார்.

"ஏன் இப்படிக் குதிக்கிற?" என்று மார்டெல் டார்ச்சை அணைத்தாள். "செத்த கம்பிதானே?"

ஆர்லன் மனைவியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு... எப்போலேருந்து?"

"நீ பஞ்சு அடைச்ச வருஷம் நவம்பர்ல மான் வேட்டைக்குப் போனியே, அப்போ. நிலவறை ஃப்ரீசர்ல கறி எடுக்கப் போனேன். உத்தரத்துல உன் கையெழுத்து. கீழே அறுபதுன்னா மேலே அறுபத்து நாலு." அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த ஃப்ரீசர் மேலயே உக்காந்து முதல்ல அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் கம்பியை மாத்திப் போட்டேன். பத்து நிமிஷ வேலை."

"அப்போ கீழ இருக்கறது?"

"பொம்மை."

ஒன்பது வருஷம். ராத்திரி ஒன்று தவறாமல் நிலவறைக்கு இறங்கி, காலண்டரைத் தூக்கி, அவர் அதிகாரத்தோடு திருகியது ஒரு பொம்மையை. முன்பு வேலை பார்த்த இரும்புத் தாது ஆலை அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டதால் ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்டதில்லை. காற்று சுழன்றால் சூடு தங்கும் என்று ஹீட்டரின் மின்விசிறியை வருஷம் முழுக்க ஓட விட்டதும் அவர்தான், அதனால் தரைத் துவாரங்களில் காற்று வருவதும் புதிதாகத் தெரியவில்லை. வெளியே பக்கச் சுவரில் ஹீட்டர் குழாயும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாயும் அக்கம்பக்கம்; காலையில் அங்கே ஆவி வரும். கேட்டால், "துணி காயப் போட்டிருக்கேன்" என்பாள் மார்டெல். இந்தப் பெண் எவ்வளவு துணி துவைக்கிறாள் என்று அவர் வியந்ததும் உண்டு.

அவர் கண் மெல்ல மண்வெட்டிக்குப் போனது.

"அப்போ அது..."

"ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் இருபதாம் தேதிக்கெல்லாம் நம்ம வீட்ல ஹீட்டர் ஓடும் ஆர்லன். தெருவுலயே நாமதான் முதல்."

"பஞ்சு?"

"நல்ல பஞ்சுதான். ஆனா பஞ்சு சூட்டைப் பிடிச்சு வைக்கும், உண்டாக்காதே."

ஆர்லனுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து நின்றார். "ஒன்பது வருஷமா என்னை முட்டாளாக்கி, கட்டின புருஷன்கிட்டயே இப்படி ஒரு..." என்று தொடங்கியவர், சொல்வது என்னவென்று தன் காதிலேயே விழ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மார்டெல் சத்தம் போடவில்லை. "அதுக்கு முன்னாடி ரெண்டு குளிர்காலம் நான் வீட்டுக்குள்ள கையுறை போட்டுக்கிட்டு ஸ்வெட்டர் பின்னினேன். நீ பேப்பருக்குப் பின்னாடி சிரிச்சே. பேப்பர் ஆடுமே, எனக்குத் தெரியாதா?"

ஆர்லன் மறுபடி உட்கார்ந்தார். "சரி, இத்தனை வருஷம் சொல்லாம இன்னைக்கு எதுக்கு?" என்றார்.

"லவோனுக்காக."

லவோன் அடுத்த வீட்டு வெர்லினின் மனைவி. வெர்லின் எட்டு வருஷமாக இரண்டாம் இடம்.

"தினம் லைப்ரரி திறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நிக்கறா. மூடற வரைக்கும் கோட்டோட உக்காந்திருக்கா. ஒரே இருமல். வெர்லின் இந்த வருஷம் உன்னை எப்படியும் ஜெயிச்சே ஆகணுமாம். அவ கெஞ்சினா என்ன சொல்றான் தெரியுமா? 'மார்டெல் தாங்கறாளே, உன்னால முடியாதா?'ங்கறான். என்னை உதாரணம் காட்டறான்! நான் இங்க வெறுங்காலோட நடந்துக்கிட்டு இருக்கேன்."

ஆர்லன் மீசையைத் தடவினார். பட்டம் பறிபோனாலும் ரோஷம் மிச்சமிருந்தது. "நிஜமாவே அறுபத்து நாலு வெச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்படியா? புதுசை மாட்டு. அறுபத்து நாலு வை. உக்காந்து பாப்போம்." அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்ன ஃபியூஸை எடுத்து நீட்டினாள். "முதல்ல இதைக் கீழ போய் மாத்து. பொறி பறந்ததுல பழசு போயிருக்கும்."

"இது எப்படி உன்கிட்ட..."

"நீ பிரேக்கரை அணைக்க மாட்டேன்னு தெரியும். தெர்மோஸ்டாட் வாங்கினப்பவே சேத்து வாங்கிட்டேன்."

இந்த முறை அவர் பிரேக்கரை அணைத்தார். ஹீட்டரின் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒவ்வொரு கம்பியிலும் டேப் சுற்றி, மார்டெலின் குண்டு எழுத்து. அவர் பதினோரு வருஷத்துக்கு முன்பு கோத்த கம்பிகள் அழகாகச் சுருட்டப்பட்டு, ஓரமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஃபியூஸை மாற்றினார். மேலே வந்து போட்டோ எடுத்தார், எழுத்து எழுதி டேப் சுற்றினார், புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டினார். திரை ஒளிர்ந்ததும் அறுபத்து நாலு வைத்தார். வீடு சீக்கிரம் ஆறட்டும் என்று மார்டெல் இரண்டு சன்னல்களைத் திறந்துவிட்டு, எண் இறங்கியதும் மூடினாள். பிறகு கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் பத்து நிமிஷம் ஆர்லன் ஜம்மென்று இருந்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் மூக்கு நுனி அவருடையதாக இல்லை. மூன்றாவது காபி குடித்தார், குடிக்கும் வரை சூடாக இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். எதிரே மார்டெல் பின்னிக்கொண்டிருந்தாள். தடித்த கையுறைக்குள் விரல் மடங்காமல் கண்ணி நழுவும். பொறுமையாக எடுத்துக் கோப்பாள். மறுபடி நழுவும்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருஷ மண்வெட்டிக்காக வந்த வெட்கம் இல்லை இது.

"ரெண்டு குளிர்காலமா?" என்றார்.

"ரெண்டு."

ஆர்லன் எழுந்து போய், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, தன் கையால் எழுபது வைத்தார். கீழே ஹீட்டர் எழுந்தது. காது கேட்காவிட்டாலும் பாதத்தில் தெரிந்தது. மார்டெல் ஒரு கையுறையைக் கழற்றினாள், இன்னொன்றைக் கழற்றினாள்.

வெளியே வெர்லின் தொண்டை கிழியக் கூப்பிட்டான். கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு இலை வாரிக்கொண்டிருந்தான். லவோன் புத்தகப் பையோடு காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"யோவ் ஆர்லன்! ஹீட்டர் போட்டாச்சா?"

ஆர்லன் மண்வெட்டியைச் சுவரிலிருந்து இறக்கினார். காலுறையோடு புல்லைத் தாண்டிப் போய் வெர்லின் கையில் கொடுத்தார்.

"போட்டாச்சு."

"ஆஹா!" வெர்லின் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டான். "விழுந்தான்யா! எப்போ, இன்னைக்குக் காலையிலயா?"

"ஒன்பது வருஷமாச்சு."

வெர்லினின் ஆட்டம் அப்படியே நின்றது. லவோன் ஒரு கணம் ஆர்லனைப் பார்த்தாள். அவர் பின்னால் வாசலில் வெறுங்காலோடு நின்ற மார்டெலையும் பார்த்தாள். பிறகு காரின் கதவைச் சாத்தினாள், புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டாள், தன் வீட்டுக்குள் போனாள்.

"ஒன்பது வருஷமா? என்னய்யா உளர்றே?" என்று வெர்லின் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ பஞ்சு?"

ஆர்லன் பதில் சொல்ல வாயெடுத்தபோது, வெர்லின் வீட்டுப் பக்கச் சுவர்க் குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வெர்லின் திரும்பிப் பார்த்தான்.

"லவோன் துணி காயப் போடறா போல" என்றான்.

ஆர்லன் அந்த ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாமா. துணியாத்தான் இருக்கும்."