கயிறு பிடிக்கிறவள்

முத்துச்செல்விக்குப் பொய் சொல்ல வராது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புதுச்சேலை கட்டிக்கொண்டு எவளும் அவளிடம் போய் "எப்பிடி இருக்கு?" என்று கேட்க மாட்டாள். நன்றாக இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதுவும் அவளாக யோசித்துச் சொன்னதில்லை, ஊரே சொல்கிற பொய். அந்த ஒன்று போதாதா, பெற்ற மகளைப் பிரித்துவிட!

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை ஏழு மணிக்கு அவள் புருஷன் ராஜதுரை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்தவருக்கு நெஞ்சு வலி, விடிந்ததும் ஆள் இல்லை. ஒரே மகள் ரம்யா கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். நாத்தனார் முதல் பக்கத்துப் படுக்கைக்காரியின் சித்தி வரைக்கும் எல்லாரும் கூடி நின்று ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"பிள்ளைகிட்ட இப்பச் சொல்லிராத. அப்பாவுக்குச் சீரியஸா இருக்கு, கெளம்பி வான்னு மட்டும் சொல்லு. தனியா அழுதுக்கிட்டே வருவால்லா, பாவம்."

நம் பக்கத்தில் இதுதானே வழக்கம். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு யார் சாவைச் சொல்கிறார்கள்? சீரியஸ் என்றுதான் சொல்வோம். கேட்கிறவர்களும் முக்கால்வாசிப் பேர் புரிந்துகொண்டு, புரியாத மாதிரி வண்டியேறி வருவார்கள். சிநேகிதி டெல்பின் ஒருத்திதான் முத்துச்செல்வியின் கையைப் பிடித்து, "உள்ளதச் சொல்லிரு, ஏளா" என்றாள். முத்துச்செல்வி கேட்கவில்லை. போனை எடுத்துச் சீரியஸ் என்றே சொன்னாள்.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தச் சொல்லைக் கேட்டதுமே விளங்கியிருக்கும். ரம்யா பொய் சொல்லத் தெரியாத அம்மாவுக்குப் பிறந்தவள். அப்படியே நம்பிவிட்டாள். நம்பி, மதுரையில் பஸ் நின்றபோது ஆஸ்பத்திரிக்கு வேண்டியிருக்கும் என்று ஒரு பிளாஸ்க் வேறு வாங்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியதும் வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தது.

அவள் கத்தவில்லை. பிளாஸ்க்கைக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்தாள். பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். "நீ சொன்னா நெசமா இருக்கும்னு நெனச்சு வந்தேம்மா."

"உன் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றாள் முத்துச்செல்வி. அப்போது சொல்லவேண்டிய வார்த்தையா அது? அதற்குப் பிறகு ரம்யா ஊருக்கு வரவில்லை. போனில் 'ம்', 'சரி' என்று கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் அதுவும் நின்றது. முத்துச்செல்விக்கும் ரோஷம் என்ன லேசுப்பட்டதா! எனக்கென்ன என்று இருந்துகொண்டாள். அலமாரிப் பிளாஸ்க்கை மட்டும் வாரத்துக்கு ஒருதரம் துடைத்து வைப்பாள்.

இந்த நாலு வருஷமும் அம்மாவையும் மகளையும் கட்டி வைத்திருந்தது டெல்பின்தான். பின்வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அதில் நாலு செங்கல் விழுந்த இடம் இருபத்தாறு வருஷமாகப் பூசப்படாமலே கிடக்கிறது. அந்த வழியாக மீன்குழம்பு வரும், ரசம் போகும், ஊர் வம்பு இரண்டு பக்கமும் போகும். டெல்பினுக்கும் அவள் புருஷன் கிளைட்டனுக்கும் பிள்ளையில்லை. ரம்யா அந்த ஓட்டை வழியாகவே தவழ்ந்துபோய் அந்த வீட்டிலும் வளர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டெல்பின் குசினியில், அதுதான் அவர்கள் வீட்டு அடுப்படியில், உட்கார்ந்துகொண்டு ரம்யாவுக்குப் போன் போடுவாள். ஸ்பீக்கரில் போட்டு மதில் பக்கமாக வைப்பாள். "காய்ச்சல் விட்டுட்டா, ஏளா? மாத்திரை போட்டியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் முத்துச்செல்வி கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பாள். மகள் குரல் கேட்டுவிட்டால் அந்த வாரம் அவளுக்கு ஓடிவிடும்.

போன பங்குனியில் டெல்பினுக்கு உடம்பு இற்றுப்போனது. இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் அவள் துறைமுகக் கடற்கரைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். சங்கு குளித்தவரின் பேத்தி, ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டாள், அவ்வளவு பயம். இருவரும் மணலில் உட்கார்ந்து, தூரத்தில் காத்துக் கிடந்த கப்பல்களைப் பார்த்தார்கள். வெயில் தாழ்ந்து கடலும் வானமும் ஒரே சாம்பலாகிவிட்டன. கப்பல்கள் எதிலும் நிற்காமல் சும்மா அந்தரத்தில் இருந்தன.

"எங்க தாத்தா சங்கெடுக்க உள்ள முங்கும்போது அவரு இடுப்புக் கயித்த மேல படகுல பிடிக்கிறது யாரு தெரியுமா? அவரு பொஞ்சாதிக்கு அண்ணன்தான். வேற ஆளு பிடிக்கப்படாது. தங்கச்சி தாலில்லா அந்தக் கயித்துல இருக்கு, விடுவானா?"

"இத நூறுதரம் சொல்லிட்ட."

"நூத்தியொண்ணு கேளு. மேல இருக்கவன் கடலோட ஆழத்தக் குறைக்கவா முடியும்? பிடிச்சுக்கிட்டே இருப்பான், அம்புட்டுதான். நீ ரம்யாவ முங்கவிட்டுட்டுக் கயித்த விட்டுட்ட."

முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது. எழுந்து சேலை மணலைத் தட்டினாள். டெல்பின் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் போனா அவகிட்ட நீதான் சொல்லணும். கிளைட்டன் சொல்லக்கூடாது. நீ. உள்ளத உள்ளபடி."

"சாகப்போற மூஞ்சியப் பாரு" என்று முத்துச்செல்வி சீறினாள். சீறிவிட்டு அழுதாள். டெல்பின் ஒரு கப்பலைக் காட்டி, அது எந்த ஊருக்குப் போகும் சொல்லு என்று விளையாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை விடியற்காலம் முத்துச்செல்விக்குக் கனவு வந்தது. கடல் நடுவே டெல்பின் இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கிறாள். கூந்தல் நனையவில்லை. கையில் ஒரு கயிற்று நுனி. இந்தா, பிடி என்பதுபோல நீட்டுகிறாள். முத்துச்செல்வி கையை நீட்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கிளைட்டன், "யக்கா" என்று கூப்பிட்டது கேட்டு முழிப்பு வந்தது. அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

ஆறு மணிக்கெல்லாம் டெல்பின் வீட்டில் சனம் கூடிவிட்டது. சாயங்காலம் நாலரைக்கு அடக்கம் என்று முடிவானது. பிள்ளைக்குப் பிள்ளையாக இருந்தவள் ரம்யாதான், அவள் வந்துதான் எடுக்கவேண்டும் என்றார் கிளைட்டன். உடனே டெல்பினின் நாத்தனார் முத்துச்செல்வி காதோரம் குனிந்தாள்.

"சீரியஸா இருக்குன்னு சொல்லி வரச் சொல்லும்மா. தனியா வாற பிள்ளை."

முத்துச்செல்வி பின்பக்கம் போய் மதில் ஓட்டை அருகே நின்றாள். போனை எடுத்து ரம்யாவின் நம்பரை அழுத்தினாள். நாலாவது மணியில் ரம்யா எடுத்தாள்.

"ம்?"

"ரம்யா." நாக்கு பழகின பாதையில் போகப் பார்த்தது. சீரியஸ் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்கினாள். "டெல்பின் செத்துப்போயிட்டா. காலையில நாலே முக்காலுக்கு. சீரியஸ் இல்ல, ஏளா. செத்தே போயிட்டா. உனக்கு உள்ளதச் சொல்லுதேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு அழுகை வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து. முத்துச்செல்வி மதிலைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிள்ளை தனியாக அழக்கூடாது என்றா பொய் சொன்னாள்? இல்லை. இந்த அழுகையைத் தன் காதால் கேட்கப் பயந்துதான் சொன்னாள். நாலு வருஷம் கழித்து அவளுக்கு அது விளங்கியது, வெட்கமாக இருந்தது.

"நான் வாரேன்" என்றாள் ரம்யா கடைசியில்.

"வா. ஆனா போன வைக்காத. நீ இங்க வந்து இறங்குற வரைக்கும் நானும் வைக்கமாட்டேன்."

"எட்டு மணி நேரமாகும்மா."

"ஆகட்டும்."

அப்படித்தான் அந்தப் பகல் போனது. முத்துச்செல்வி டெல்பினின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு காதில் போனை வைத்துக்கொண்டாள். மறு காதில் பெண்கள் சொல்லும் ஜெபமாலை. போனுக்குள்ளிருந்து பஸ் இரைந்தது. இரண்டும் கலந்து கடல் மாதிரி போய் வந்து போய் வந்து கேட்க, தூக்கமில்லாத கண் செருகியது. பஸ்ஸில் ரம்யா பக்கத்து இருக்கையில் டெல்பின் உட்கார்ந்து வருகிற மாதிரியும், இங்கே படுத்திருப்பது வேறு யாரோ மாதிரியும் இருந்தது.

"பிரேதத்துக்குப் பக்கத்துல என்ன போனு?" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கிளைட்டன் எழுந்து போய்த் தன் சார்ஜரைக் கொண்டுவந்து முத்துச்செல்வி பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அதோடு எல்லா வாயும் மூடிக்கொண்டது.

தாராபுரம் தாண்டியதும் ரம்யா சொன்னாள். "அன்னைக்கும் இதே பஸ்தாம்மா. இந்தக் கரண்டுக் காத்தாடியெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தேன். அம்பது வர்றதுக்குள்ள நீ போன் பண்ணி அப்பா கண்ணு முழிச்சிட்டாருன்னு சொல்லுவன்னு."

"ம்."

ஒட்டன்சத்திரத்தில், "இங்க டீ வாங்கினேன். குடிக்கல. அப்பா சாப்பிடாம கெடப்பாரேன்னு கீழ ஊத்திட்டேன்" என்றாள். ஒவ்வொரு ஊராக அந்தப் பழைய எட்டு மணி நேரத்தைப் பிரித்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்த வழியில் ரம்யா நாலு வருஷமாகத் தனியாகவே போய்வந்துகொண்டிருந்தாள் போல. முத்துச்செல்வி குறுக்கே ஒரு சமாதானமும் சொல்லவில்லை. கூடவே போனாள்.

மதுரையில் சொன்னாள்: "பிளாஸ்க் கடைக்காரரு யாருக்கும்மா முடியலன்னு கேட்டாரு. அப்பாவுக்குன்னேன். சீக்கிரம் சரியாயிரும்னாரு. எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சும்மா. அப்ப அப்பா செத்து ஆறு மணி நேரம்."

ஜெபமாலை எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி டெல்பினின் குளிர்ந்த கையைப் பற்றிக்கொண்டாள்.

"தப்பு என் பேருலதான், ஏளா. உன் நல்லதுக்குன்னு சொன்னேம்பாரு, அதுவும் பொய்யி. எனக்குத் தெம்பு இல்ல. அதான்."

ரம்யா அழுதாள். இந்தமுறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. அருப்புக்கோட்டை வரைக்கும் இருவரும் சேர்ந்து அழுதார்கள், டெல்பினுக்காகக் கொஞ்சம், ராஜதுரைக்காகக் கொஞ்சம், பிறகு யாருக்காக என்றே தெரியாமல்.

எட்டயபுரம் தாண்டிவிட்டது என்றதும் முத்துச்செல்வி எழுந்தாள். தன் வீட்டு அலமாரியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டு ஊற்றினாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

"உப்பு லாரியாப் போவுதும்மா."

"இன்னும் பத்து நிமிசந்தான். சுங்கடிச் சேல கட்டிருக்கேன், பாத்துக்க."

"உன்ன எனக்கு அடையாளம் தெரியாதா?"

புதுப் பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. கோயம்புத்தூர் பஸ் மெல்ல வந்து நின்றது. இறங்கின கூட்டத்தில் ஒருத்தி மட்டும் காதில் போனோடு படிக்கட்டில் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். அப்படியே அவள் அப்பா ஜாடை.

"இறங்கிட்டேம்மா" என்று போனில் சொன்னாள்.

"பாத்துட்டேன்" என்றாள் முத்துச்செல்வி, போனில்தான்.

கிட்டே வந்த ரம்யாவின் பார்வை பிளாஸ்க்கில் விழுந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த கடைச் சீட்டு மங்கி, அப்படியே இருந்தது. "இத்தன நாளும் இதத் தொடவே இல்லையா?"

"எனக்கா வாங்கின? உங்கப்பாவுக்குல்லா வாங்கின." முத்துச்செல்வி மூடியைத் திருகி அதிலேயே காப்பியை ஊற்றி நீட்டினாள். "காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ. எனக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சே. குடி. அங்க டெல்பின் காத்துக்கிட்டு இருக்கா."

ரம்யா நின்றுகொண்டே குடித்தாள். பாதி குடித்துவிட்டு மூடியை அம்மாவிடம் கொடுத்தாள். மிச்சத்தை முத்துச்செல்வி குடித்தாள். இருவர் காதிலும் போன் அப்படியே இருந்தது. எதிரெதிரே நிற்கிறவர்களின் மூச்சு அதற்குள்ளும் இரைந்துகொண்டிருந்தது.

"வச்சிரவாம்மா?" என்றாள் ரம்யா.

முத்துச்செல்வி மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இப்ப வை."