இரண்டு பேருக்கு ஒரு கேபின்

1

இந்தக் கதை ஒரு பயண ஏஜென்ட் அலுவலகத்தில் கிடைத்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டேன்.

ரயில் டிக்கெட் ஒன்றை ரத்து செய்யப் போயிருந்தேன். அவள் கையில் கப்பல் படம் போட்ட வழவழப்பான தாள். கேட்டாள்:

"ரெண்டு பேருக்கு ஒரு கேபின்னு போட்டா, கூட யாருன்னு கேப்பாங்களா?"

ஏஜென்ட் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். அதுவரை தூக்கவில்லை.

சும்மா கேட்டேன் என்று சொல்லி அவள் எழுந்துவிட்டாள். தாளை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தாள், பிறகு தள்ளினாள். போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது, சிரிப்பை அடக்கிய முகம். டிக்கெட்டை ரத்து செய்யாமலே வெளியே வந்தேன். வீட்டுக்குப் பாதி வழி ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். கதை கிடைத்துவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

(அவள் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் "சும்மா கேட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.)

2

முதல் தொடக்கம்:

*கடல் அன்று நீல—*

வேண்டாம். கடல் இன்னும் வரவில்லை. வருமா என்பதற்குத்தான் இத்தனை பாடு.

இரண்டாவது:

*கணவர் இறந்து ஆறு வருடம் கழித்து அவர் முதல்முறையாகத் தனக்கென்று—*

இதையும் அடித்தேன். கணவரை வாசலிலேயே நிறுத்திவைத்தால் நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதோடு அந்த ‘அவர்’. மரியாதை கொடுத்து எழுதினால் அவள் நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்கிறாள். ‘அவள்’ என்று மாற்றியதும் எழுந்து செருப்பைத் தேடினாள்.

மூன்றாவது:

அவள் எக்ஸ்ரே எடுப்பவள்.

இது நிற்கும். ஆஸ்பத்திரியின் தரைத்தளம், வெயில் எட்டாத அறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே வசனம்: "மூச்சை இழுத்துப் பிடிங்க." கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போவாள். பொத்தானை அழுத்துவாள். "விடலாம்." ஒருமுறை நடுவில் தொலைபேசி வந்து, ‘விடலாம்’ சொல்ல மறந்துவிட்டாள். திரும்பி வந்தால் அந்த மனிதர் முகம் சிவந்து அப்படியே நிற்கிறார். நீங்க சொல்லலையே என்றார். அன்றிலிருந்து அவள் மறந்ததில்லை.*

\* இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும். (இப்படி முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அவசரம்.)

3

கூட யார்? நானும் ஏஜென்ட் மாதிரியே தலையைத் தூக்கினேன்.

லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவர். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்ட ஒரு நாள், மேலிருந்து கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண், சக்கர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பேஷண்டா?"

"இல்ல. நாற்காலி சும்மா இருந்துச்சு, உக்காந்தேன்."

"பயமா இருக்கா?"

"பசிக்குது."

பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை இடுக்கு வழியாக இறக்கினார். லிஃப்டைச் சரிசெய்ய வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

இவரைச் சந்தேகப்பட்டேன். பிஸ்கட் கொடுக்கும் ஆண்கள் கதைகளில் மலிவாகக் கிடைப்பார்கள். ஆகவே சில குறைகளை வைத்தேன். சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்வார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அங்குள்ள லிஃப்டைத் திட்டாமல் வெளியே வரமாட்டார். டீயை உறிஞ்சும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அவள் எதையும் பொருட்படுத்தவில்லை. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும், நீ மேலே எழுது என்பதுபோல இருந்தாள்.

கப்பல் யோசனை அவருடையது. "ஆயுசு பூரா மேல கீழ மேல கீழன்னே போயாச்சு மேடம். ஒரு தடவை நேரா போகணும்."

தனியாகப் போவதாக இருந்தார். ஆனால் ஒரு கேபினில் ஒரே ஆள் என்றாலும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் கட்டணம் கேட்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அப்ப ரெண்டு பேராப் போலாம்" என்றாள்.

"ரெண்டு கேபினா?"

"ஒண்ணு போதும்."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்து உருண்டு மேசைக்கு அடியில் போனது. இருவரும் குனியவில்லை.

(இந்த இடத்தை எழுதிவிட்டு நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். அவளை இதைச் சொல்லவைக்க நான் திட்டமிடவில்லை.)

4

இப்போது கேள்வி சுலபமானது. யார் மூலம் பதிவு செய்வது?

ஏஜென்ட் வழியை முதலில் எழுதிப் பார்த்தேன். நான் பார்த்த ஏஜென்ட் அவளுக்கு யாரோ. கதைக்காக அவரை அவளுடைய மருமகளின் சித்தி ஆக்கினேன். எல்லோருக்கும் டிக்கெட் அக்கா.

ஏஜென்ட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நடன அரங்குக்கு நேர் கீழே உள்ள கேபினில் விடியும்வரை கூரை அதிரும் என்பது டிக்கெட் அக்காவுக்குத் தெரியும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு என்பது தெரியும். எந்தத் துறைமுகத்தில் இறங்கினால் திரும்ப ஓடிவர வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

"நேரா நெட்ல போட்டீங்கன்னா நீங்க ஒரு நம்பர், சம்பந்தி. என்கிட்ட போட்டா என் ஆளு. கப்பல் கிளம்பலைன்னு வைங்க, நம்பர் யாருக்குப் போன் பண்ணும்?"

சரியான கேள்வி. அடுத்த கேள்வியும் உடனே வந்தது.

"கூட யாரு? பேரனைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள். விசைப்பலகையில் அக்காவின் விரல்கள் நின்றன.

அக்காவிடம் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க மட்டும் வராது. ரசீது அச்சாகி வெளியே வருவதற்குள் மருமகளின் போன் அடித்துவிடும். மருமகளிடமிருந்து மகனுக்கு. மகன் தன் தாயைப் பற்றிய சேதியை மூன்றாவது ஆளாகக் கேட்பான். அது மட்டும் கூடாது என்று அவள் நினைத்தாள். அவன் என்ன சொல்வான் என்ற பயம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

*"சம்பந்தி, அது வந்து, எனக்கு ஒருத்தர்—"*

இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்தேன். அக்காவின் முகத்துக்கு நேராக எதுவும் முடியவில்லை. அவளை அங்கிருந்து எழுப்பினேன். கதவைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்தாள்.

5

ஆகவே நேரடி வழி.

அடுத்த நாள் மதியம், நோயாளிகள் வராத நேரம். எக்ஸ்ரே அறையில் கணினி வந்த பிறகும் சுவரிலிருந்து கழற்றாமல் விட்ட, எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கும் பழைய விளக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. கப்பலின் வரைபடத்தை அச்செடுத்து அதில் மாட்டி விளக்கைப் போட்டாள். நீளமான உடல். நடுவில் தாழ்வாரம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கேபின்கள்.

"விலா எலும்பு மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் முதலில் லிஃப்டுகளை எண்ணினார். அவற்றுக்குப் பக்கத்தில் கேபின் வேண்டாம், மோட்டார் சத்தம் கேட்கும் என்றார். லீவுல போய் லிஃப்டையா கேப்பீங்க என்றாள். கேட்காம எப்படித் தூங்குறது என்றார். இதை இரண்டாவது முறையும் சொன்னார்.

நடுப்பகுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சன்னல் உண்டு. இதுவரை வெயில் எட்டாத அறையில் வேலை பார்த்தவள் சன்னலுக்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பிறகு கட்டங்கள். முதல் பயணியின் பெயர். இரண்டாவது பயணியின் பெயர். பிறந்த தேதி. சாப்பாட்டில் ஏதாவது ஆகாதா. அவள் பக்கத்தை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், மறுபடி மேலே.

"கேக்கவே இல்ல" என்றாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"யோசிச்சு வச்சிருந்தேன். வீணாப் போச்சு."

இங்கே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நேரடி வழி வென்றது, கதை முடிந்தது. வங்கி அட்டை எண்ணை அவள் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பணம் போவதற்கு முன் ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். அது அவள் போனுக்கு வராது. மகன் போனுக்கு வரும்.

கணவர் இறந்த சமயத்தில் மகன் செய்த ஏற்பாடு. அம்மாவுக்கு எதற்குத் தொந்தரவு என்று வங்கியில் தன் எண்ணைக் கொடுத்துவிட்டான். இத்தனை நாள் அதில் சிக்கல் இல்லை. மிக்சி வாங்கினாள், செருப்பு வாங்கினாள். நம்பர் வந்துச்சா என்று கேட்பாள், அவன் சொல்வான். இப்போது அந்த எண்ணோடு கப்பல் நிறுவனத்தின் பெயரும் போகும். தொகையும் போகும். அது ஒரு ஆளுக்கான தொகை இல்லை என்பது யாருக்கும் புரியும்.

ஏஜென்ட் வேண்டாம் என்று வந்தவளுக்கு, சொந்த மகனே ஏஜென்ட்.

(வங்கிக்குப் போய் எண்ணை மாற்றலாமே என்பீர்கள். மாற்றினால் மகனுக்குத்தான் முதலில் தகவல் போகும். மெக்கானிக்கின் அட்டையில் கட்டலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். மறுத்துவிட்டாள். "அவர் கட்டினா, கூட்டிட்டுப் போனார்னு ஆகும். நான்ல போறேன்.")

6

முடிவுகள்.

முதலாவது. மகன் ஒன்றும் கேட்காமல் எண்ணைச் சொல்கிறான், கடைசியில் "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்கிறான். அழகாக இருந்தது. மறுநாள் படித்தபோது அவன் மனிதனாகத் தெரியவில்லை.

இரண்டாவது. மகன் கத்துகிறான். ஊர் என்ன சொல்லும் என்ற வாக்கியம் வருகிறது. அது வந்ததும் காகிதத்தைக் கசக்கினேன். அவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க அடுத்தவர் ரகசியங்களைக் காகிதப் பையில் சுற்றிக் கொடுப்பவன். அப்படிக் கத்தமாட்டான். அவன் சும்மா இருப்பான். அது இன்னும் மோசம்.

மூன்றாவது. அவள் விளக்குப் பெட்டியை அணைத்துவிட்டு டிக்கெட் அக்காவிடமே திரும்புகிறாள், பேரனின் பெயரைச் சொல்லி—

இதை எழுதவே கை வரவில்லை.

மூன்றையும் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது அவள் எனக்கு முந்திக்கொண்டாள். பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மகனைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். நான் எழுதியது அவள் பேசியதற்குப் பிறகுதான்.

"ஒரு ஆறு நம்பர் வரும்டா. வந்ததும் சொல்லு."

"சரிம்மா."

"எதுக்குன்னு கேட்டா சொல்லுவேன். அதனால யோசிச்சுக் கேளு."

அந்தப் பக்கம் கடைச் சத்தம். யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். மகன் அவர்களை இருக்கச் சொன்னான்.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தாள். வாய்ப்பழக்கம்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் அழுத்தினாள். மகனின் கடையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

7

இதற்கு மேல் என்னால் ஆகாது. யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு ஏஜென்ட்தான். இதுவரை நீங்கள் அவளோடு என் வழியாகத்தான் பேசினீர்கள். நடுப்பகுதி ஆடாது என்று சொல்லி உட்காரவைத்தேன். கூட யார் என்று தலையைத் தூக்கி விசாரித்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது ஆறாவது பகுதியிலேயே தெரிந்துவிட்டது.

ஆகவே ஒரு வேலை செய்தேன். மகனின் போன் எண்ணை அடித்து நீக்கிவிட்டு உங்கள் போன் எண்ணை எழுதினேன்.

டிங் என்றது உங்கள் போன். ஆறு இலக்கம், கப்பல் நிறுவனத்தின் பெயர், இரண்டு பேருக்கான தொகை. இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே ஒரு வரி. அதை எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாது. கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அந்த எண் ரொம்ப நேரம் செல்லாது. உங்கள் தாய் லைனில் இருக்கிறாள்.

கேட்கவேண்டும் என்றால் கேளுங்கள். பதில் வரும்.

அந்த அறையில் விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருக்கிறது. கப்பல் அதில் மாட்டியபடி இருக்கிறது. ‘விடலாம்’ என்று அவள் இன்னும் சொல்லவில்லை. அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.