ஐந்தாவது பாட்டை இரண்டாவதாக வைத்தவன்

பொய் சொல்ல வாயைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது? ஒட்டடை ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. ஒரு சுரத்தைக்கூட அசைக்கவில்லை. ஒரு பாட்டைத் தூக்கி மூன்று இடம் முன்னால் வைத்தான், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விட்டது.

ஒட்டடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆறடி உயரத்தையும் அதற்குக் கொஞ்சமும் ஒத்துவராத எடையையும் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எவனோ ஒட்டடைக்குச்சி என்றான். நாளடைவில் குச்சி உதிர்ந்து ஒட்டடை மட்டும் மிஞ்சியது. முப்பத்தொரு வயதாகிறது. மூன்று பேர் சேர்ந்த ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுகிறான், பாட்டும் அவனே எழுதுகிறான். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இடி என்று பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவள் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆகவே குழுவிலும் அவள் டீச்சர்தான்.

இந்த மூவரும் மூன்று வருடம் மாடாய் உழைத்து ஒரு ஆல்பம் செய்திருந்தார்கள். பத்துப் பாட்டு. பத்தும் தனித்தனியாக நிற்காது, சேர்ந்து ஒரே கதை சொல்லும். அதை இசைத்தட்டாகவே வெளியிட வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஐந்து பாட்டு, கேட்பவன் முள்ளை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது ஒட்டடையின் பிடிவாதம்.

கதை வேறு எங்கிருந்தும் வந்ததில்லை, அவன் வீட்டுக் கதைதான். அப்பா இல்லாத வீடு. அம்மா, அக்கா, அவன். ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் விழுந்தாள். இரண்டாம் மாதமே ஒட்டடை, அப்போது இருந்த வேறொரு குழுவோடு ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பிவிட்டான். "பத்து நாள்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவன் ஐந்து மாதம் வரவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கும் போய்க்கொண்டு, மணிக்கு மணி மருந்தும் கொடுத்துக்கொண்டு, அக்கா ஒருத்தியாகவே பார்த்தாள். அம்மாவுக்கு முடியாமல் போன அன்று ஒன்பது முறை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மேடையில் இருந்தேன் என்று பிற்பாடு சொன்னான். முதல் மூன்று முறைக்கு அது உண்மை. அம்மா போய்ச் சேர்ந்து, எல்லாம் முடிந்து நான்காம் நாள், தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். அக்கா திறந்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

பிறகு வருடங்கள் ஓடின. இருவரும் எப்படியோ பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார்கள். இருமலுக்கு என்ன சாப்பிட்டாய், வீட்டு வாடகை ஏறியதா என்கிற பேச்சு. அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாயைத் திறந்ததில்லை.

அதைத்தான் முதல் பக்கத்தின் ஐந்து பாட்டாக எழுதியிருந்தான். மூவரும் இருந்த வீட்டைச் சொல்லும் 'ஜன்னல்'. பிள்ளை கிளம்பிப் போகிற 'பை'. அக்கா தனியாகக் கண் விழிக்கிற 'மருந்து மணி'. யாரும் எடுக்காமல் போன் அடித்துக்கொண்டே இருக்கிற 'ஒன்பது முறை'. கடைசியாக, இடி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற 'கதவு'. கேட்டவனுக்கு ஒரு சந்தேகமும் வராது: இவன் போனான், அதனால் அவள் சாத்தினாள். எழுதும்போது அந்த நேர்மையில் அவனுக்கே கொஞ்சம் பெருமை இருந்தது. இரண்டாம் பக்கம் முழுக்க வாசலுக்கு வெளியே நிற்பவனின் அலைச்சல்.

தட்டு அச்சடிக்க மூலமாக இருக்கிற மாஸ்டர் தட்டை வெட்டித் தருகிற பெரியவர்தான் போனில் கூப்பிட்டார். "தம்பி, தட்டோட நடுவுக்கு வரவர முள்ளுக்கு இடம் போதாது, சத்தம் நெரியும். உங்க அஞ்சாவது பாட்டு பயங்கர சத்தம். ஒண்ணு, அதை முன்னாடி தள்ளிட்டு அமைதியான பாட்டைக் கடைசில வைங்க. இல்ல, வரிசை முக்கியம்னா சொல்லுங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெட்டிடறேன். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

ஒட்டடை யோசிக்கிறேன் என்று வைத்தான். காகிதத்தில் 'கதவை'த் தூக்கி இரண்டாவதாக எழுதிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலில் வீடு. உடனே கதவு சாத்தப்படுகிறது. அப்புறம் பையன் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான், வேறு வழி? எங்கோ தொலைவில் அம்மாவின் மருந்து வேளையை நினைத்து ஏங்குகிறான். கடைசியில் போன் அடிக்கிறது, ஒன்பது முறை, யாரும் எடுக்கவில்லை. இப்போது அடிப்பவன் அவன், எடுக்காதவள் அவள். எல்லாப் பாட்டும் அவன் எழுதியபடியே இருக்க, விரட்டப்பட்ட அப்பாவியாகிவிட்டான்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்குப் பத்தே நிமிஷம்தான் பிடித்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது. அதுதான் வெட்கக்கேடு. அவனுக்கு அது சுகமாக இருந்தது.

குழுவிடம் பெரியவர் சொன்னதில் பாதியை மட்டும் சொன்னான்.

"கதை மாறுதே?" என்றாள் டீச்சர்.

"முள்ளுக்குக் கதை தெரியாது டீச்சர். வேற வழியே இல்லன்னுட்டார்."

மூன்று வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து மாதிரித் தட்டு வந்தது. கேட்டுவிட்டு அன்று மாலை ஐந்து மணிக்குள் சரி என்று சொன்னால் ஐந்நூறு தட்டு அச்சாகும். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஒத்திகை அறையில் கூடினார்கள். முட்டை அட்டை ஒட்டிய சுவர், ஒரு கால் ஆடுகிற சோபா, ஓடாத மின்விசிறி. இடி தனக்குத் தெரிந்த ஒரு வானொலிக்காரரையும் அழைத்து வந்திருந்தான். தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் போய்த் திறந்தாள்.

"வாங்கக்கா, வாங்க. நான்தான் போன் பண்ணேன்."

ஒட்டடையின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா நிற்கிறாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரி, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல.

"உங்க வீட்டுப் பாட்டு. அவங்க கேக்காம எப்படி?" என்று டீச்சர் அவன் காதில் சொன்னாள். அவள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். நல்லெண்ணத்தைப்போல ஆளைக் கவிழ்ப்பது வேறொன்று உண்டா?

முள் இறங்கியது. அக்கா சோபாவின் நுனியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். 'ஜன்னல்' பாட்டில் அம்மாவின் இருமல் வருகிற இடத்தில் லேசாகச் சிரித்தாள். பிறகு 'கதவு' இடித்துக்கொண்டு வந்தது. அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான், அதைத்தான் செய்தான். மீதி மூன்று பாட்டுக்கும் அவன் தலை நிமிரவில்லை.

முதல் பக்கம் முடிந்தது. வானொலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என்னய்யா இது, உலுக்கிட்டீங்க! பெத்த தாயைப் பாக்க விடாம கதவைச் சாத்தறாளே, அவ எல்லாம் ஒரு பொம்பளையா? கல்நெஞ்சுக்காரி. கடைசி வரைக்கும் போனைக்கூட எடுக்கலையே!"

டீச்சர் அவசரமாக முள்ளைத் தூக்கினாள்.

அக்காதான் பேசினாள். வானொலிக்காரரிடம் அல்ல. "டேய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ கிளம்பறதுக்கு முன்னாடி நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"என்னக்கா?"

"வீட்டை விட்டுப் போன்னு சொன்னேனா? அந்தச் சமயத்துல நான் சரியாத் தூங்கினதே இல்லடா. கடையில ரெண்டு தரம் லென்ஸை மாத்தித் தேய்ச்சுட்டேன். என்ன பேசினேன், யாரைத் திட்டினேன்னு பாதி ஞாபகமே இல்ல. நீ பாட்டுல வெச்சிருக்கேன்னா சும்மா வெச்சிருக்க மாட்டே. உன் மனசுல அப்படி ஒரு இது இருந்திருக்கு, இத்தனை வருஷமா சொல்லாம இருந்திருக்கே." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "மன்னிச்சுக்கடா. நான் வேணும்னு பண்ணல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது ஒட்டடைக்கு. அவள் சண்டை போடுவாள் என்று பயந்திருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள் என்று எதிர்பார்த்திருந்தான். இரண்டுக்கும் மனதுக்குள் பதில் தயாராக வைத்திருந்தான், இது கலைக்கா, கற்பனை, வாழ்க்கை வேறு என்றெல்லாம். அவள் நம்பிவிடுவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அவன் போட்ட வரிசையை அவள் தன் ஞாபகத்துக்கு மேலே வைத்துவிட்டாள்.

சும்மா இருந்திருந்தால் ஐந்து மணிக்கு ஐந்நூறு தட்டு அச்சுக்குப் போயிருக்கும். அக்காவும் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"நீ ஒண்ணும் சொல்லலக்கா," என்றான். "நீ ஒண்ணுமே சொல்லல. நான் தானா போனேன். பத்து நாள்னு பொய் சொல்லிட்டுப் போனேன். நீ கதவைச் சாத்தினது எல்லாம் முடிஞ்சப்புறம். பாட்டு அப்படித்தான் இருந்துச்சு, அஞ்சாவது. நான்தான் மாத்தி வெச்சேன்."

"சத்தம் நெரியும்னு சொன்னார்ல?" என்றான் இடி.

"சத்தத்தைக் குறைச்சு வெட்டறேன்னும் சொன்னார். அதை நான் உங்ககிட்ட சொல்லல."

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "நிறுத்திடுங்க, வரிசை தப்பு" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. வானொலிக்காரர் அக்காவின் பக்கம் திரும்பாமலே இடியின் முழங்கையைப் பிடித்து, கொஞ்சம் காற்று வாங்கலாமா என்று வெளியேறினார். பாவம், அவருக்கும் அன்று நாக்கில் சனி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"அப்ப நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் குடு."

அதை எப்படிக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "மன்னிச்சுக்கோக்கா" என்றான்.

"அது உன்னோடது. நான் என்னோடதைக் கேட்டேன்." தட்டைக் கைகாட்டினாள். "சரி, ஒழுங்கு வரிசையில போடு. கேக்கறேன்."

அச்சான தட்டில் வரிசையை மாற்ற ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் முள்ளைக் கையால் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒட்டடை தரையில் மண்டியிட்டான். 'ஜன்னல்' முடிந்ததும் தூக்கி, 'கதவை'த் தாண்டி 'பை'யில் வைத்தான். முள் ஒரு தரம் கரகரவென்று இழுத்தது. 'பை' முடிந்து 'மருந்து மணி', அது முடிந்து 'ஒன்பது முறை'. எத்தனையோ நூறு தடவை வாசித்த பாட்டுதான். அவள் காதால் கேட்கும்போது ஒவ்வொரு மணியும் அவன் எடுக்காத போனாகவே அடித்தது. கடைசியில் பின்னோக்கி வந்து 'கதவில்' வைத்தான்.

பாட்டு ஓய்ந்தது. முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நல்லா எழுதியிருக்கே," என்றாள். "ஆனா இதோட முடியலடா. இன்னொரு பாட்டு வரணும்."

"என்ன பாட்டு?"

"நான் கதவைத் திரும்பத் தொறந்தேன். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான். செருப்புகூடப் போடாம தெருவுக்கு வந்து, ரெண்டு பக்கமும் பாத்தேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ போயிட்டே. சரி, அது உனக்கு எப்படித் தெரியும், தெரியாததை எழுத முடியுமா?"

அவள் அவனுக்காகவே ஒரு சமாதானம் சொல்லி முடித்துவிட்டாள். அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினால் போதும். கேட்க வேறு யாரும் அறையில் இல்லை. ஆனால் அன்று அவள் வெறுங்காலோடு தெருவில் நின்றது அவன் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. தாழ்ப்பாள் இழுபட்ட சத்தம் கேட்டதும் ஒளிந்துகொண்டவன் அவன். போனால் அழவேண்டும், காலில் விழவேண்டும், நடந்ததையெல்லாம் கேட்கவேண்டும். சாத்திய கதவுதான் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தப் பாட்டை அவன் எந்த வரிசையிலும் எழுதவே இல்லை.

"தெரியும்க்கா," என்றான். "எதிர்ல ஒரு வேன் நின்னுச்சுல்ல. அதுக்குப் பின்னாடிதான் இருந்தேன்."

அக்கா எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"நீ உள்ள போற வரைக்கும்."