மூன்றாவது பெயர்

ஈரத்துணியை மாமனாரின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள் சவேரியாள். கோயில் உபதேசியாரான மாமனார் மதலைமுத்து இரண்டு சொட்டு விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பினார்.

"சாமியார் எங்கே?"

"பாலிக் புலாவ் ஊருக்குப் பூசை வைக்கப் போயிட்டாராம். கூட்டிட்டு வர உங்க மகன் போயிருக்காரு மாமா."

"அதுவரைக்கும் தாங்காதுலா. நீ மாதா ஜெபம் சொல்லு. 'எங்கள் மரண நேரத்திலும்'னு வருமே, அது."

மூன்று வருஷத்துக்கு முன் இதே அறையில் அவள் பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. ஞானஸ்நானம் கொடுக்க அவளே தலையில் தண்ணீர் ஊற்றினாள். பிதா, சுதன் என்றவளுக்கு மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய பரிசுத்த ஆவியின் பெயர் வாயில் வரவில்லை. மாதா என்று முடித்துவிட்டாள். கதவருகே நின்ற மாமனார் கேட்டுவிட்டார். அவர் ஒரு தரம் சரியாகச் சொல்லித் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். "எந்த வேதத்துலடி மாதா மூணாவது ஆளு?" என்று அவர் திட்டி முடிப்பதற்குள் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை இடுகாட்டு மதிலுக்கு வெளியே புதைத்தார்கள்.

"சொல்லும்மா."

சவேரியாள் துணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"யாரைக் கூப்பிடச் சொல்றீங்க? மூணே பேரு, அதுல அந்தம்மாவுக்கு எடமில்லேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது வேற... அவ தாய். சர்வேசுரனுக்கே தாய்."

"நானும் தாய்னுதான் கூப்பிட்டேன்."

அவர் கை போர்வையைத் துழாவியது.

"உங்களுக்கு அந்த மூணு பேர் இருக்காங்க மாமா. என் பிள்ளைக்கு அந்தம்மா ஒருத்திதான். பிள்ளையை விட்டுட்டு வரச்சொல்லி அவங்களை இங்க கூப்பிட மாட்டேன்."

அவரே ஆரம்பித்தார். "பிரியதத்தத்தினாலே பூரணமான..." தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கற்றுக்கொடுத்த மாதா ஜெபம். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றார். கண்கள் அவள் வாயையே பார்த்தன. சவேரியாள் உதட்டை இறுக்கிக்கொண்டு, அந்தக் கண்கள் அசையாமல் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் பிச்சைமுத்து சாமியாரோடு வந்தபோது அவள் மாமனாரின் தாடையைத் துணியால் கட்டியிருந்தாள்.

"ஜெபம் சொன்னியா?"

"அவரே சொன்னாரு."

"முழுசாவா?"

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்ததும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். சவேரியாளும் குனிந்து அள்ளினாள். குழிக்கு மேல் கையை நீட்டினாள், விரல்களைத் திறக்கவில்லை. பெண்களோடு இடுகாட்டு வாசலுக்கு வெளியே வந்து, மதிலை ஒட்டி வளர்ந்திருந்த புல்லுக்குள் இறங்கினாள்.

"எங்கே போறே? ரிக்ஷா நிக்குது!" பிச்சைமுத்து கத்தினான்.

மழை தூறத் தொடங்கியது. மூடிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.