ஐந்து மதிப்பெண் கேள்வி

பூந்தமல்லி கல்யாண மண்டபத்து வாசலில் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்துகொண்டிருக்க, பொன்னி தன் கையிலிருந்த சீர்த்தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள்.

பின்னால் வரிசையாக வந்த பெண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆப்பிள் தட்டு, வளையல் தட்டு, சாக்லேட்டைக் கோபுரமாக அடுக்கிய தட்டு எல்லாம் அந்தரத்தில் ஆடின. பேண்டுக்காரர்கள் விஷயம் புரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

"இன்னாமே, தட்டு கனமா கீதா? நான் வேணா தூக்கிகினு வரட்டா?" என்றார் துலுக்கானம் சித்தப்பா. கூட்டம் சிரித்தது. பொன்னி சிரிக்கவில்லை.

"பேபி அண்ணிய வரச் சொல்லுங்க. எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். அப்புறம்தான் இந்தத் தட்டு உள்ள வரும்."

பேபி அவள் கணவன் தமிழரசுவின் கூடப்பிறந்த அக்கா. மேனாம்பேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கும் டீச்சர். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக எம்.எஸ்ஸி. முடித்தவள். இன்றைக்கு அவளுடைய சின்னப் பெண் தேஜஸ்ரீக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் தமிழரசுதான். தாய்மாமன் சீர் வராமல் அந்தப் பெண்ணை மேடையில் உட்கார வைக்க முடியாது. அது பொன்னிக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டை வாசலில் வைத்தாள்.

தமிழரசு கிட்டே வந்து அவள் முழங்கையைத் தொட்டான். "பொன்னி, இங்க வாணாம்மா. ஊட்ல பேசிக்கலாம்."

"ஊட்லயா? அவங்க நம்ம பொண்ண ஊட்லயா வெச்சிப் பேசினாங்க?"

அவன் கை விலகியது. பந்தல்காலுக்குப் பக்கத்தில், பட்டுப்பாவாடை தாவணியில், தலை நிறைய மல்லிகையோடு நின்றுகொண்டிருந்த மகள் மதிவதனியை அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலைதான் விஷயம் வெளியே வந்திருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வயிற்றுவலி என்று மதி பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் பூ வைத்துவிடும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அம்மா, நான் வேஷமா?"

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. புதன்கிழமை மதியின் வகுப்பில் பேபி டீச்சர் கரும்பலகையில் எக்ஸ் எக்ஸ் என்றும் எக்ஸ் ஒய் என்றும் எழுதியிருக்கிறாள். பின் பெஞ்சிலிருந்து கிஷோர் என்ற பையன், "மிஸ், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுகிட்ட டிபன் கடை வெச்சிருக்காங்களே ஒரு திருநங்கை, அவங்கள அக்கான்றதா அண்ணாத்தேன்றதா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் சாக்பீஸால் கரும்பலகையில் ஓங்கித் தட்டி, "எக்ஸ் ஒய்னா ஆம்பள. முடிஞ்சுது. மத்தது எல்லாம் வேஷம். அடுத்த பாடத்துக்குப் போலாமா?" என்றிருக்கிறாள்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதியின் உடம்பு முழுக்க எக்ஸ் ஒய்தான்.

அது மே மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் தெரியவந்தது. பதினேழு வயதாகியும் பெண் வயதுக்கு வரவில்லையே என்று பயந்த பொன்னி, தமிழரசுவிடம் காரணம் சொல்லாமலே அவனோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்த லேடி டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். கர்ப்பப்பை இல்லை. குரோமோசோம் ஆண்களுக்கு இருப்பதுபோல இருக்கிறது. ஆனால் ஆண் ஹார்மோன் சொல்கிற பேச்சை இந்த உடம்பு வயிற்றில் இருக்கும்போதிலிருந்தே கேட்கவில்லை, அதனால் பெண்ணாகவே வளர்ந்திருக்கிறது. "இவ பொண்ணுதான்மா. பிறந்ததிலேருந்து பொண்ணு. யாராவது வேற மாதிரி சொன்னா எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.

அன்றைக்குத்தான் தமிழரசுவுக்கு இன்னொன்றும் தெரிந்தது. "எப்போ வயசுக்கு வந்தா?" என்று டாக்டர் கேட்டதும் பொன்னி தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் இல்ல டாக்டர்" என்றாள். அப்படியானால் இரண்டு வருஷம் முன்பு, ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்து, பிரியாணி போட்டு, அம்பத்தூரில் நடத்திய மஞ்சள் நீராட்டு விழா? அதுதான் பொய். பொன்னி சொன்ன பொய். அந்த விழாவில், அத்தை முறையில் முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றியது இதே பேபி டீச்சர். ஒரு வாரம் தமிழரசு பொண்டாட்டியோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மல்லிகைப்பூவும் பால்கோவாவும் வாங்கி வந்து, "நீ தனியா இத்தத் தூக்கிகினு இருந்திருக்கியே" என்று மட்டும் சொன்னான்.

இப்போது மதி சொல்வது இதுதான்: இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன். பரீட்சையும் எழுதமாட்டேன். யாரும் சொல்லாமலே, நர்சிங் படிக்கவேண்டும் என்று ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த பெண். காலையில் கிளம்பும்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தன் சடங்கு ஃபோட்டோவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

மண்டபத்து உள்ளேயிருந்து பேபி வேகமாக வந்தாள். மாம்பழ நிறப் பட்டு, நெற்றியில் வேர்வை.

"என்ன பொன்னி இது? நல்ல நேரம் போகுது. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தானே மண்டபம் புடிச்சீங்க."

"தமிழு, உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு?"

தமிழரசு அக்காவைப் பார்த்தான், பொன்னியைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த மாலைத் தட்டையும் பொன்னியின் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தான். "அவ உள்ள வந்தா நானும் வரேன்க்கா."

பொன்னிக்கு அந்த நிமிஷத்தில் அழுகை முட்டியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் காரணத்தைச் சொல்லவும் முடியாது. அது மதியின் விஷயம். பேபி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணமகள் அறைக்குள் போனாள். பின்னாலேயே மதியும் வந்து கதவைச் சாத்தினாள்.

"சொல்லு" என்றாள் பேபி.

பொன்னி சொன்னாள். ஆஸ்பத்திரி, ஸ்கேன், எக்ஸ் ஒய், புதன்கிழமை, வேஷம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பேபி கேட்கக் கேட்க மெல்ல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ... அந்த சடங்கு?"

"பொய்தான். நான் சொன்ன பொய்."

பேபியின் முகம் சிவந்தது. "என் கையால தண்ணி ஊத்த வெச்சியே! ஊரக் கூட்டி, என் தம்பி காச எல்லாம் கொட்டி! ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டினு போயிருப்பேன். ரெண்டு வருஷம் வீணாக்கிட்டு என்னைக் கேக்க வரியா?"

"ஆமா, வீணாக்கிட்டேன். அந்தப் பொய்ய ஏன் சொன்னேன் தெரியுமா? ஒவ்வொரு கல்யாணத்துலயும், ஒவ்வொரு கருமாதிலயும், இன்னும் வயசுக்கு வந்து ஒக்காரலையா, இன்னும் ஒக்காரலையான்னு மொதல் ஆளா நீங்கதானே கேட்டீங்க! என் பொண்ணு சோத்துத் தட்ட வெச்சிட்டு எழுந்து போவா. அந்த வாய மூட எனக்கு வேற வழி தெரியல. நான் எக்ஸ்போர்ட் கம்பெனில சட்டைக்குப் பட்டன் சரியா கீதான்னு பாக்கறவ. எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க. இப்டி ஒரு உடம்பு கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பேபி முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"தெரியுமா அத்தை?" என்றாள் மதி. மண்டபத்துக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும்" என்றாள் பேபி. "எம்.எஸ்ஸி.ல படிச்சேன். பரீட்சைலகூட எழுதியிருக்கேன்."

"தெரிஞ்சும் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?" பேபியின் குரலில் டீச்சர் கழன்றுபோய் ஊர்க்காரி வந்துவிட்டாள். "போன வருஷம் இனப்பெருக்கப் பாடத்துல ஒரு படம் போட்டேன். ஒரு புள்ளையோட அப்பன் வந்து ஆபீஸ் ரூம்ல நின்னுகினு கத்தினான், என் பொண்ணுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கறன்னு. கரஸ்பாண்டண்ட் என்னைக் கூப்ட்டு, புக்குல கீறத மட்டும் படிச்சிட்டு வந்துடும்மான்னாரு. கிளாஸ்ல ஒருத்தன் சிரிச்சா அம்பது பேர் சிரிக்கறான். ஆண், பெண்ணுன்னு ரெண்டே வரில முடிச்சிட்டா யாரும் வம்புக்கு வரமாட்டான். ரொம்ப பேருக்கு அது சரியாவும் இருக்கு. பொய்யில்லையே!"

"ரொம்ப பேருக்கு சரியா இருக்கு, சரி. மிச்ச பேரு எங்க போறது? வம்புக்கு வரவனுக்கு பயந்து என் பொண்ண வார்த்தையால அடிச்சீங்களா?" பொன்னி மேஜையில் ஓங்கி அடித்தாள். குங்குமச்சிமிழ் உருண்டு கீழே விழுந்து சிதறியது. "எக்ஸ் ஒய்ய எழுதாதன்னு நான் சொல்லல அண்ணி. எழுதுங்க. அது நெஜம். என் பொண்ணுக்கும் அது நெஜம்தான். அத்தோட கூட, இப்டியும் உடம்பு கீது, இப்டியும் மனுஷன் கீறான்னு ஒரு வரி சொன்னா இன்னா கொறஞ்சிடும்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க. அந்த டிபன் கடைக்காரங்க உங்கள இன்னா பண்ணாங்க? காலைல ஸ்கூலுக்கு லேட்டான பசங்களுக்குக் கடனா இட்லி குடுக்கறாங்க. அவங்கள வெச்சி சிரிக்க உட்டுட்டு, வேஷம்னு தீர்ப்பு சொல்ல உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "நேரமாவுது பேபி!" என்று பேபியின் கணவன் வேம்புலி குரல் கொடுத்தான். யாரும் திறக்கவில்லை.

பேபி எழுந்து மதியின் பக்கத்தில் வந்தாள். தோளைத் தொடக் கை நீட்டி, தொடாமலே நிறுத்திக்கொண்டாள். "மதி. அத்தைக்குத் தெரியாதுடா. நீன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்டிப் பேசியிருப்பேனா? நீ பொண்ணுடா. என் தம்பி பொண்ணு. என்னை மன்னிச்சிடு."

"நான்னு தெரிஞ்சா பேசமாட்டீங்க. வேற யாரோன்னா பேசுவீங்க" என்றாள் மதி. அத்தையின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "இங்க சொல்லாதீங்க அத்தை. கிளாஸ்ல சொன்னீங்க இல்ல, அங்கயே சொல்லுங்க. என் பேரு வரக்கூடாது. ஆனா அங்கதான் சொல்லணும்."

பேபி மருமகளைப் பார்த்தாள். கரஸ்பாண்டண்ட் முகமும், போன வருஷம் கத்திய தகப்பன் முகமும் அவள் கண்ணுக்குள் வந்து போவது பொன்னிக்கே தெரிந்தது.

"நாளைக்கு மூணாவது பீரியட்" என்றாள் பேபி கடைசியில். "நீ வருவியா?"

"நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேக்க வருவேன். அதுக்கப்புறம் வருவனான்னு தெரியாது."

சீர் உள்ளே போனது. பேண்டு மறுபடியும் தொடங்கியது. பொன்னி தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், சிரிக்கச் சொன்ன வீடியோக்காரனை முறைத்துக்கொண்டே. மேடையில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த தேஜஸ்ரீ, எதுவும் தெரியாமல், "மதிக்கா, என் பக்கத்துல வந்து ஒக்காரு" என்று கூப்பிட்டாள். மதி போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பொன்னி பேபியின் பக்கமே திரும்பவில்லை. பாயசத்தைத் தொடவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் மதி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிளம்பினாள். அன்று கம்பெனியில் பொன்னி ஒரு சட்டையையே பலமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு அவனிடமும் எரிந்து விழுந்தாள்.

சாயங்காலம் மதி வந்து, கைகால் கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தாள். பொன்னி தோசையை வார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடும்போல இருந்தது.

"அத்தை வந்த உடனே கதவ சாத்துனாங்க" என்றாள் மதி, தோசையைப் பிய்த்துக்கொண்டே. "புதன்கிழமை நான் சொன்னது தப்புன்னாங்க. தப்புன்ற வார்த்தையவே சொன்னாங்க. சாக்பீஸ் ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு."

"அப்புறம்?"

"ரொம்ப பேருக்கு எக்ஸ் எக்ஸ்னா பொண்ணு, எக்ஸ் ஒய்னா ஆணுன்னாங்க. சில பேருக்கு உடம்பே வேற மாதிரி வளரும்னு சொல்லி, ஹார்மோன் எல்லாம் படம் போட்டாங்க. எக்ஸ் ஒய் இருந்தும் பொறந்ததுலேருந்து பொண்ணா இருக்கறவங்க உண்டுன்னாங்க. அப்புறம் உடம்பு ஒரு பாடம், தன்னை யாருன்னு ஒருத்தங்க உணர்றது இன்னொரு பாடம், ரெண்டையும் போட்டுக் கொழப்பி நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன், ரெண்டாவது பாடம் எனக்கே முழுசா தெரியாது, படிச்சிட்டு வந்து சொல்றேன்னாங்க. கிஷோரு சிரிச்சான். எழுந்து நில்லுன்னாங்க. அந்த டிபன் கடைக்காரங்க தன்னை அக்கான்னு சொன்னா நீ அக்கான்னு கூப்டு, அதுக்கு உனக்கு ரத்தப் பரிசோதனை தேவையான்னு கேட்டாங்க. ஒக்காந்துட்டான்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"மொதல்ல யாரும் கேக்கல. குசுகுசுன்னு பேசிகினு இருந்தாங்க. அப்புறம் அத்தை, இது அஞ்சு மார்க் கேள்வி, கட்டாயம் வரும்னாங்க. எல்லாரும் பேனாவ எடுத்துட்டாங்க."

"நெஜமா வருமா?"

"வராதும்மா. புக்குலயே இல்ல. அப்டி சொன்னாதான் எழுதுவாங்கன்னு அத்தைக்குத் தெரியும்." சொல்லிவிட்டு மதி சிரித்தாள். நான்கைந்து நாளாகப் பார்க்காத சிரிப்பு.

பொன்னிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய்யை அந்த வகுப்பு நம்பினால்தான் ஒரு உண்மையை எழுதிக்கொள்ளும் என்றால், அது என்ன பள்ளிக்கூடம் என்று அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. கரண்டியால் கல்லைச் சுரண்டினாள்.

"உனக்குக் கோவம் போச்சாடி?"

"இல்ல."

"எனக்கும் போவல."

கூடத்தில் தமிழரசு, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த ஃபோட்டோவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியாமல் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தான். மதி வாயில் தோசையோடு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் அதைப் பீரோவுக்கு மேலே படுக்க வைத்துவிட்டு, வெறும் ஆணியில் காலண்டரை மாட்டினான்.

"இன்னொண்ணு ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினாள் மதி. "காலைல சீக்கிரம் எழுப்பு. நாளைக்கு பிராக்டிகல் கீது."