மூன்று பிளாஸ்திரி

பட்டறையில் பம்ப்செட் மோட்டார் தூக்கித் தூக்கியே என் வீட்டுக்காரர் குமாரசாமிக்குத் தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவில் குடல் பிதுங்கிவிட்டது. தொண்ணூற்றேழில் கோயமுத்தூரில் காட்டினோம். வயிற்றைக் கிழிக்காமல், மூன்று சின்ன ஓட்டை போட்டு, கேமராவை விட்டு, உள்ளே வலை வைத்து அடைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த மாதமே என் வீட்டுக்காரருடைய அக்கா மகள் பத்மாவதிக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் மணவறையில் உட்கார வைக்க வேண்டும். பத்மாவதி தங்கமான பெண். ஆனால் ஓர் அரிசி மூட்டைக்குக் குறையமாட்டாள்.

அக்கா மயிலாத்தாள் சூலூரிலிருந்து ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார். "சட்டையத் தூக்கு தம்பி, பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் ஆபரேஷனுக்கு மரியாதை தையலை எண்ணித்தான். இவர் வயிற்றிலோ மூன்றே மூன்று பிளாஸ்திரி.

"இதுக்கா படுத்துக் கெடக்கறே? எம் புள்ளையத் தூக்க மனசில்லீன்னா நேரா சொல்லிப்போடு."

இந்த மனிதர் உடனே, "தூக்கறேனுங்க்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடல் சரிந்தாலும் சரி, அக்காவின் முகம் கோணக் கூடாது இவருக்கு.

"உள்ள வலை பிஞ்சு போச்சுன்னா நீங்க வந்து தெச்சுக் குடுப்பீங்களாங்க?" என்று நாத்தனாரைக் கேட்டே விட்டேன். கேட்டுவிட்டு, காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் புகுந்துகொண்டேன்.

பின்னாலேயே மயிலாத்தாள் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தி, முந்தானையை விலக்கினார். வயிற்றைச் சுற்றி ஒரு பழைய வேட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தார். தொப்புளருகே தேங்காய் மூடி அளவுக்குப் புடைப்பு.

"பத்மா பொறந்ததுலருந்து இருக்குது கண்ணு. வயித்தக் கிழிச்சுப்போடுவாங்கன்னு எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொன்னதில்ல." குரல் இறங்கியது. "நெசமாவே மூணே ஓட்டைதானா?"

இருபது வருஷமாக இதைக் கட்டிக்கொண்டா தண்ணீர்க் குடம் சுமந்தார்? அவரைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பாவமாக இருந்தது. துணியை நானே மறுபடி கட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று பத்மாவதி மாமன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே மணவறைக்கு வந்தாள். முணுமுணுத்த சொந்தக்காரர்களை, "எம் புள்ளைக்குக் கால் நல்லாத்தானுங்க இருக்குது" என்று மயிலாத்தாளே அடக்கினார்.

ஆடி மாதம் அவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. துணைக்கு நான் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தார். மூன்று பிளாஸ்திரி. நர்ஸைக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, இதும்மேல நல்லாப் பெருசா ஒரு கட்டுப் போட்டுடுங்க. சூலூர்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க."