நடக்க முடியும், நடக்க மாட்டார்

விமான நிலைய வாசலில் டாக்சி நின்றதும் கணவர்தான் முதலில் குதித்து இறங்கினார். இரண்டு பெட்டிகளையும் அவரே தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். வண்டியை ஓரமாக நிறுத்தவில்லை என்று டாக்சிக்காரரிடம் ஒரு மூச்சு சண்டை போட்டார். பிறகு யாரோ துரத்துகிற மாதிரி விறுவிறுவென்று உள்ளே போனார். பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை வளைந்து வளைந்து கடைசித் தூண் வரைக்கும் வந்திருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய இடது கால் நொண்ட ஆரம்பித்தது.

பின்னால் வந்த மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் என்று எல்லாரையும் கட்டிலிலிருந்து இறக்கி, ஓர் அடி, இன்னோர் அடி என்று நடக்க வைப்பது அவள் வேலை. நொண்டலில் எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. இது அதில் எதிலும் சேரவில்லை.

"என்னாச்சுங்க?"

"சும்மா வா. வீல்சேர் சொல்லியிருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். டிக்கெட் போடறப்பவே கேட்டுச்சு, ஆமான்னு போட்டுட்டேன். வரிசையெல்லாம் கிடையாது, நேரா உள்ள தள்ளிட்டுப் போயிடுவாங்க. விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் போறாங்க."

விவரம் தெரிந்தவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி காலணி போட்ட ஒருவர் சக்கர நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனில் ஊருக்கே கேட்கும்படி வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி அம்மாள் எழுந்து போய், கடையில் சென்ட் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து "அப்பாடா" என்று உட்கார்ந்தாள். யாருக்கும் கூச்சமில்லை. கூச்சம் என்பது வரிசையில் நிற்பவர்கள் பட வேண்டிய விஷயம் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

கணவர் பிளைவுட் கடை வைத்திருந்தார். இந்த வருஷம் அதிகம் விற்றவர் என்று பிளைவுட் கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. வேறொரு நகரத்தில் பெரிய ஓட்டலில் விழா. மேடையில் கேடயம், அதோடு தம்பதியாக வெளிநாட்டுச் சுற்றுலா. இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. தங்கச்சி வீட்டுக்காரரை, பிடிக்காத ஆள் என்றுகூடப் பார்க்காமல், போன் போட்டுக் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது.

சீருடை போட்ட ஒரு பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கணவர் அதில் உட்கார்ந்தபோதுதான் தூணில் சாய்ந்து நின்ற பெரியவரை மனைவி பார்த்தாள். கையில் நாலு கால் ஊன்றுகோல். உடம்பின் பாரம் முழுக்க வலது பக்கம். இடுப்பு மூட்டு மாற்றி அதிக நாள் ஆகியிருக்காது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

"சேர் தீந்து போச்சாம்மா. போனது திரும்பி வரணுமாம்," என்றார் பெரியவர்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. இதை அவருக்குக் குடுங்க."

"அவருக்கு வேற வரும்னு அவங்களே சொல்றாங்கல்ல," என்று கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "என் பேர்ல வந்த சேர் இது. நடுவுல புகுந்து சிஸ்டத்தைக் குழப்பாதே."

அவளுக்குக் கணவரைப் பல வருஷமாகத் தெரியும். கருமி, வாய்ச்சவடால், சாப்பாட்டில் குறை சொல்கிறவர். அதெல்லாம் வீட்டோடு போயிற்று. இன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் நிற்பதற்கே உடம்பு கூசியது. பக்கத்துக் காபிக் கடையிலிருந்து ஒரு நாற்காலியைக் கேட்காமலே இழுத்து வந்து பெரியவரை மெதுவாக உட்கார வைத்தாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சீருடைப் பெண் கணவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மனைவி திரும்பிப் பார்க்காமல் வரிசையின் வாலில் போய் நின்றாள்.

உள்ளே போய்ச் சேர்ந்தபோது விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். தவிர்க்க முடியாத காரணமாம். என்ன காரணம் என்று கேட்டால், கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டவர்களைத் தலையைச் சாய்த்துப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையைக் கம்பெனியே பயிற்சி கொடுத்து வளர்த்திருக்க வேண்டும். அதற்குள் ஜனங்கள் விமானம் ஏறும் வாயிலில் வரிசை கட்டிவிட்டார்கள். அவரவர் இருக்கை எண் அவரவர் கையில் இருக்கிறது. இருந்தாலும் முந்தாவிட்டால் யாராவது ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். கொஞ்ச நேரத்தில் வாயிலையே மாற்றினார்கள். மொத்த வரிசையும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்துக்கொண்டு, கட்டடத்தின் மறுகோடிக்கு ஓடியது. கணவர் மட்டும் தள்ளப்பட்டுக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார். கையில் பெரிய காபி. இது இரண்டாவது.

"பாத்தியா?" என்று அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சார்? நீங்களா? என்ன சார் இது?"

பிளைவுட் கம்பெனியின் மண்டல மேலாளர். ஒல்லியான, நல்ல மனுஷர். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் தன் கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லி அழுகிற ரகம். அவருக்குப் பின்னால் இதே விழாவுக்குப் போகிற கடைக்காரர்கள் நாலைந்து பேர்.

கணவரின் முகம் வெளிறிப் போயிற்று. எழுந்து நின்று சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் புளுகிப் பழகிய வாய்க்கு உண்மை சட்டென்று வராது. "முட்டி சார்," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு. வெளிய சொல்லிக்கல."

"ஐயோ. இந்த நிலைமையிலயா இவ்வளவு சரக்கு வித்தீங்க?"

"கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்."

விமானத்துக்குள் மேலாளருக்கு நேர் பின் வரிசையில் இடம். பாதி வழியில் இரண்டு காபியும் தங்கள் வேலையைக் காட்டின. கணவர் நெளிந்தார். கழிவறை வால் பக்கம் இருந்தது. எழுந்து நடந்தால் மானம் போகும்.

"ஒண்ணுக்குப் போகணுமா சார்?" என்று மேலாளர் பின்னால் திரும்பி எட்டிப் பார்த்து, மெல்லியது என்று தான் நினைத்த குரலில் கேட்டார். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. "கூச்சப்படாதீங்க. நாங்க ரெண்டு பேர் சேந்து தூக்கிட்டுப் போறோம்."

"வேண்டாம் சார். போகணும்னு இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, எல்லாரும் எழுந்து நின்றார்கள். கதவு திறக்க இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்தும் கழுத்தைக் கோணிக்கொண்டு, அடுத்தவர் முகத்தில் பையை இடித்துக்கொண்டு நின்றார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் கடைசியில்தான் இறங்க வேண்டும். விவரம் தெரிந்தவர்களுக்கு அது மட்டும் தெரிந்திருக்கவில்லை. ஓட்டக் காலணிக்காரர் பொறுக்க மாட்டாமல் எழுந்து, இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். கணவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. மேலாளர் துணைக்கு உட்கார்ந்திருந்தார். கணவர் தொடைகளை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் கோத்து, நாற்காலி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், நீங்க இந்தத் துறையிலயே இருக்கறவங்க. உண்மையைச் சொல்லுங்க. அவரால நடக்கவே முடியாதா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. கட்டிக்கொண்டவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. அந்த இரண்டாவது காரணத்துக்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நடக்க முடியும் சார். நடக்க மாட்டார்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "புரியுது மேடம். மனசு விட்டுப் போச்சு. எங்கப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான்."

மறுநாள் சாயங்காலம் விழா. ஓட்டல் அரங்கில் வட்ட மேசைகள், காதைப் பிளக்கும் இசை, கோட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவர்களின் கோட்டுகள். மேலாளர் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தார். கணவர் முன்வரிசையில் அதில் உட்கார்ந்திருந்தார். அறையில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று கேடயம் வாங்குவதற்கு ஒத்திகை பார்த்த அதே கால்கள் இப்போது துணிப்பொம்மைக் கால்கள் மாதிரி தொங்கின.

கம்பெனி முதலாளி மைக்கைப் பிடித்தார். முதலிடம் யாருக்கு என்று சொன்னார். கைதட்டல். பிறகு குரலை இளக்கிக்கொண்டார்.

"நம்ம அண்ணனோட உடல்நிலை இப்பத்தான் எனக்குத் தெரிய வந்தது. இந்த நிலைமையில அவரை வெளிநாடு அனுப்பி அலைய வைக்கறது மனுஷத்தனம் இல்ல. அதனால சுற்றுலாவை ரெண்டாவதா வந்தவருக்குக் குடுத்துட்டு, அண்ணனுக்கு எலும்பு டாக்டர்கள் சிபாரிசு செய்ற ஒரு மெத்தையைக் குடுக்கறோம்."

நாலு பேர் மெத்தையைத் தூக்கி வந்தார்கள். அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இரண்டாவதாக வந்தவர், வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, ஏற்கெனவே எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கணவர் மெத்தையைப் பார்த்தார். தொப்பைக்காரரைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து உறுமல் மாதிரி ஏதோ வந்தது. நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

ஓர் அடி வைத்தார். நின்றார். முகத்தைச் சுளித்தார். இன்னோர் அடி. யாரோ ஓர் அம்மாள் "கடவுளே" என்றாள். மேடைப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி முடித்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. பாதிப் பேர் அழுதார்கள். முதலில் அழுதவர் மேலாளர்.

"உங்க அன்புதான் என்னை நடக்க வச்சது," என்றார் கணவர் மைக்கில், தழுதழுத்த குரலில். "ராத்திரி பகல் பாக்காம எனக்குப் பயிற்சி குடுத்த என் மனைவிக்கு இந்தக் கேடயத்தைக் காணிக்கை ஆக்கறேன்."

விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் வந்து விழுந்தது. சுற்றிலும் ஈரக் கண்கள். இவ்வளவு பேரை ஒரே இடத்தில் முட்டாளாக்க இவ்வளவு சுலபமா என்று அவள் நினைத்தாள். சுற்றுலாவும் கணவருக்கே திரும்பியது, மெத்தையும் வீட்டுக்கு அனுப்பப்படும் என்றார்கள். தொப்பைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் கடைக்காரர்களின் மனைவிமார் அவளைச் சூழ்ந்துகொண்டு முதுகு, கழுத்து, குதிகால் என்று வரிசையாகக் காட்டினார்கள். ஓர் அம்மாள் மூச்சு விடாமல் தன் மாமியாரின் இடுப்பைப் பற்றிப் பேசினாள்.

அறைக்கு வந்ததும் கணவர் கட்டிலில் குதித்து விழுந்தார். "எப்படி? பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சா இல்லையா?"

"சுற்றுலாவுக்கு நீங்களே போயிட்டு வாங்க. நான் வரல."

"ஏன்? பாஸ்போர்ட் இருக்குல்ல?"

அவள் விளக்கை அணைத்தாள். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருப்பவரிடம் சொல்லிப் பயனில்லை.

திரும்பி வருகிற நாள் மத்தியானம், விமான நிலையத்தில் நுழைந்ததும் கணவரின் கண் பழக்கத் தோஷத்தில் நாற்காலிகள் இருந்த பக்கம் போனது. ஆனால் கடைக்காரர்கள் எல்லாரும் கூடவே வந்திருந்தார்கள். மேலாளர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சார். அந்தப் பக்கமே பாக்காதீங்க. நடந்துட்டீங்க. இனிமே நாங்க விட மாட்டோம்."

பாதுகாப்பு வரிசை வரும்போது இருந்ததைவிட நீளமாக இருந்தது. கணவர் அதில் நின்றார். ஒருவர் வீடியோ எடுத்தார். இன்னொருவர், "அண்ணே, இடது கால்னுதானே சொன்னீங்க, வலதை இழுக்கறீங்களே," என்றார். கணவர் அவசரமாகக் காலை மாற்றிக்கொண்டார். வாயில் கட்டடத்தின் கடைசியில் இருந்தது. போய்ச் சேர்ந்தால் அதை மாற்றியிருந்தார்கள். திரும்பவும் நடை. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்து, இப்போது நொண்டல் நிஜமாகவே வந்துவிட்டது. அது முந்தையதைவிட நன்றாக இருந்தது.

புது வாயிலில் விமானம் தாமதம் என்றார்கள். காலி இருக்கைகள் இருந்தன. கணவர் அவள் காதருகே குனிந்தார்.

"என்னால முடியல. இவருக்கு ஓய்வு வேணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

மேலாளரும் அவளைத்தான் பார்த்தார். "மேடம், சார் கொஞ்சம் உக்காரலாமா?"

அவள் கணவரின் முழங்காலில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். தொழில் முறையில், சுத்தமாக. வார்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"உக்காரவே கூடாது. மூட்டு இறுகிடும். விமானம் வர்ற வரைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருக்கணும். நிக்க விடாதீங்க."

"நாங்க பாத்துக்கறோம் மேடம்," என்றார் மேலாளர். கடைக்காரர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து முறை போட்டார். முதல் முறைக்கு ஆளுக்கொரு பக்கம் கணவரைத் தாங்கிப் பிடித்தார்கள். "வாங்க அண்ணே. இன்னும் ஒரு சுத்து."

கணவர் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே போனார். அவள் ஒரு காபி வாங்கி வந்து, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, எதிரில் இருந்த பெட்டியின் மேல் காலை நீட்டிக்கொண்டாள். விமானம் இன்னும் தாமதம் என்று அறிவிப்பு வந்தபோது சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் ஓர் அவசரமும் இல்லை.